போ, நில்லு

ஆடி மாதத்து மோல்மேனில்
காய்ந்த இடம் எது என்று கேட்டால்
தீப்பெட்டியைத் திறந்து காட்டுவார்கள்.
இருந்தாலும் வண்டிக்குள் ஒரு குளம்
கொஞ்சம் அதிகம்.

முப்பது வருஷத்து ஹைலக்ஸ்.
கதவில் இன்னும் ஜப்பான் எழுத்து,
அங்கே மீன் விற்றவரோ, குழாய் ரிப்பேர்க்காரரோ.
எங்களிடம் வந்த பிறகு நாப்பிப் பானை,
ரப்பர் ஷீட், டியூஷன் பிள்ளைகள்.
என் பக்கத்துத் தரைவிரிப்பை மிதித்தால்
அத்தனை பேரும் மூக்கில் ஏறுவார்கள்.

இந்த ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம்,
வண்டி ஓடுவதும் வலது பக்கம்.
முந்தும்போது எதிரே வருவது
அவருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்.
"போ" என்பேன். "நில்லு" என்பேன்.
புருஷனை நான் ஒருமையில் விரட்டுவது
அந்த சீட்டில் மட்டும்.
சித்திரையில் சேவுகன் போனதிலிருந்து
எங்களுக்குள் மிச்சமிருந்த தமிழும்
அந்த இரண்டு வார்த்தைதான்.

கதவு ரப்பரை மாற்றினார்.
ஒழுகியது.
கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் இழுத்தார்,
ஐந்து விரலும் ஒட்டிக்கொண்டன.
ஒழுகியது.
வைப்பருக்குக் கீழே சல்லடைக்குள் கையை விட்டு
தூங்குமூஞ்சி இலைச் சருகு
ஒரு காக்கைக்கூடு அளவுக்கு எடுத்துப் போட்டார்.
குளம் அசையவில்லை.
ஒர்க்‌ஷாப் கோ தான் நாய்ங் ஒரு வழி சொன்னான்:
தரையிலே ஓட்டை போடு,
வந்தது பாட்டுக்குப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் மூச்சு வாங்கியபோது
தனக்காப் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு
நானே இறங்கினேன்.
தூணின் உள்பக்கம், டேஷ்போர்டின் அடிவயிறு,
ஒவ்வொரு மடிப்பிலும் தட்டினேன்.
எங்கள் வண்டியும் கன்னத்தில் பூசிக்கொண்டு
பர்மாக்காரியாக நின்றது.
பிறகு மல்லாந்து,
தலை பெடலுக்குப் போகும் இடத்தில்,
கால் சீட்டுக்கு மேலே, வாயில் டார்ச்.
மேலே அவர், கையில் வாளியும் குவளையும்.

"ஊத்தவா?"
ம்.
"இங்கே?"
ம்ஹும்.
"இங்கே?"
ம்ஹும்.
நான்கு வாளி. எச்சில் காதுக்குள் வழிந்தது.
கூரையின் இடது மூலைக்கு அவர் வந்தபோது
ரேடியோ இருந்த பொந்துக்குப் பின்னால்
கறுப்பு வயர் ஒன்றைப் பிடித்தபடி
ஒரு சொட்டு இறங்கியது.
பொடியில் கோடு கிழித்து,
வளைவில் தயங்கி,
நுனியில் தொங்கிப் பெருத்து,
என் கழுத்தில் விழுந்தது.
டார்ச்சைத் துப்பிவிட்டுக் கத்தினேன்.

ஏரியல் வயர்.

பட்டியலில் பேர் வந்த வாரம்
ரேடியோவைக் கழற்றி விற்ற காசில்தான்
மியாவடி வரைக்கும் பஸ் ஏறியிருக்கிறான்.
ஏரியலையும் விடவில்லை.
அது நின்ற ஓட்டையில் சூயிங்கம் அடைத்து,
மேலே வெள்ளைப் பெயின்ட் தொட்டு,
யாருக்கும் தெரியாதபடி விரலால் தேய்த்தும் விட்டிருக்கிறான்,
கழுவிய தட்டைக்கூடக் கவிழ்க்கத் தெரியாதவன்.

ஸ்க்ரூடிரைவர் நுனியில் அதைத் தூக்கிக்கொண்டு
இறங்கி வந்தார் மலைக்கொழுந்து.
கல்லாகிப்போன கம்.
"பல்லு பதிஞ்சிருக்கு பார்.
அந்தச் சாஞ்ச பல்லு."
"உங்க பல்லுதானே அவனுக்கு" என்றேன்.
வாயை மூடிக்கொண்டார்,
சிரிப்பதற்காகவோ, பல்லை மறைக்கவோ.

ஊசிமருந்துக் குப்பியின் ரப்பர் மூடி
ஓட்டைக்கு அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.
கம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.
அன்றைக்கு மட்டும் தன் சட்டையை
அவரே துவைத்துக்கொண்டார்.

மறுநாள் முடோன் ரோடு, கொட்டும் மழை,
முன்னால் ஒரு மரலாரி.
கால் நனையவில்லை. ஆனாலும் பழக்கதோஷம்,
தூக்கியே வைத்திருந்தேன்.
"முந்தலாமா, வள்ளிக்கண்ணு?"
பேரைச் சொல்லிக் கேட்டார்.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன்,
ஒரு பஸ் வந்து போனது.
"நில்லு" என்றிருந்தேன்.
அதற்கப்புறம் எதிரே மழை மட்டும்தான்.
"போ" என்று சொல்ல மறந்து
கொஞ்ச தூரம் லாரிக்குப் பின்னாலேயே
போய்க்கொண்டிருந்தோம்.