முப்பத்தொரு மூக்கு

மூக்கைத் தொட்டால் எந்த நாய்க்கும் கோபம் வரும்.
ராக்ன்ஹில்ட் டாக்டருக்கு அதில் கவலையில்லை.
ஆல்டாவிலிருந்து காராஷோக் வரை
பனியில் மூன்று மணி நேரம் ஓட்டி வந்தவர்
மருந்துப் பெட்டியைக் கோட்டுக்குள் வைத்திருக்கிறார்,
உறைந்துவிடாதபடி.

"தலையைப் பிடி."
பிடிக்கிறேன்.
இடது நாசியில் சில சொட்டு, அவ்வளவுதான்.
நாய் என் முகத்தில் தும்முகிறது.
"இந்த வருஷம் நீயும் இருமமாட்டாய்"
என்று சிரிக்கிறார்.

போன ஜனவரியில் யாரும் சிரிக்கவில்லை.
பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருக்கையில்
லோம்வி இருமினாள்,
தொண்டையில் மீன்முள் சிக்கியதுபோல.
விரல் விட்டுத் தேடினேன். முள் இல்லை.
மறுநாள் பக்கத்துக் கூண்டு.
பிறகு எதிர்வரிசை.
ஐந்தாம் இரவு கொட்டில் முழுவதும் இருமியது,
கிளம்ப மறுக்கும் பழைய மோட்டாரைப்போல
விட்டு விட்டு.
சறுக்குவண்டி சுவரில் சாய்ந்தே கிடந்தது.

முப்பத்தொரு நாய். முப்பத்திரண்டு குப்பி.

வேலிக்கு அப்பால் அய்லோவின் கிழட்டு நாய்
தினமும் கம்பிக்குள் மூக்கை நுழைத்து
எங்கள் குட்டிகளிடம் ஊர்ச்செய்தி கேட்கும்.
அய்லோவும் நானும் பேசி நாலு வருஷம்.
அந்த வேலி யார் நிலத்தில் நிற்கிறது
என்பதில் தொடங்கியது.

டாக்டர் மிச்சக் குப்பியை
உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே
என்னைப் பார்க்கிறார். ஒன்றும் சொல்லவில்லை.

வேலி வரை நடந்தேன்.
"உன் நாயைக் கொஞ்சம் பிடி."
வந்தான். பிடித்தான்.
அது தும்மியது,
அவன் தாடி முழுக்க.

துடைக்க என் கழுத்துத் துணியைக் கொடுக்கலாமா
என்று யோசித்தேன்.
கொடுக்கவில்லை.