ஒன்பது வினாடி

ரீகாவில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடக்கிறது.
ரயில் டிக்கெட் கேட்டவருக்கு
ஒன்பது வினாடி கழித்துத்தான் பதில்.
அதென்ன பெரிய தாமதம் என்பவர்
மைனஸ் பதினான்கில் கையுறையைக் கழற்றிப்
பொத்தானை அழுத்திப் பார்க்கட்டும்.

மூன்று வாரமாகத் தரவுத்தளத்தைத் திட்டினோம்.
தாலிஸ் புது வட்டு வாங்கிப் போட்டான்.
எட்டே முக்கால் ஆனது.
கேக் வெட்டலாமா என்று கேட்டாள் விஸ்மா,
சிரிக்காமல்.

அப்புறம் அவள்தான் வரைந்தாள்.
பதினோரு சர்வர், பதினோரு செங்குத்துக் கோடு.
காலம் மேலிருந்து கீழே வழிகிறது.
கோடு விட்டுக் கோடு தாவும் ஒவ்வொரு செய்தியும்
ஓர் அம்பு.
படுத்த அம்பு விரைந்து போனது,
சரிந்து இறங்குவது வழியில் தாமதித்தது.
சுவரில் ஒட்டினால் தாள் ஹீட்டர் வரை தொங்கியது.

முதலில் கண்ணில் பட்டது ஓர் அபத்தம்:
ஆறாம் கோட்டை நோக்கிப் போன அம்புகள்
மேலே ஏறின.
அனுப்புமுன்பே வந்து சேர்ந்த செய்திகள்.
"என் மாமியார் மாதிரி," என்றான் தாலிஸ்,
"கேட்குமுன்பே பதில்."
ஆறாவதின் கடிகாரம்
நாற்பது மில்லி வினாடி பின்தங்கியிருந்தது.
திருத்தி, மறுபடி அச்சடித்து, மறுபடி ஒட்டி,

சரிந்து விழும் அம்பைத் தேடினோம்.
இல்லை.
எல்லாம் படுத்தே பறந்தன.
எந்தச் செய்தியும் வழியில் சோம்பவில்லை.
பிறகு அந்த ஒன்பது வினாடி
எங்கேதான் போய் ஒளிந்தது?

விஸ்மா பென்சிலால் வட்டமிட்டது அம்பை அல்ல.
நான்காம் கோட்டில்
ஒன்று வந்ததற்கும் அது கிளம்பியதற்கும் நடுவே
வெறும் வெள்ளைத் தாள்.
ஒரு சாண் நீளம்.

நான்காவது எதையும் விற்பதில்லை, தேடுவதில்லை.
யார் எப்போது வந்தார் என்று குறித்துக்கொள்ளும்.
ஒரே நோட்டு, ஒரே பேனா.
கல்யாணத்துக்கு வந்த ஊரே
மொய் எழுதும் மேசையில் முட்டிக்கொள்வதுபோல்
அத்தனை செய்தியும் அங்கே நின்று
தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் போயிற்று.

தாமதம் எங்கே என்று கண்டுபிடிக்க
போன அக்டோபரில் நான்தான் அதைச் சேர்த்தேன்.
அன்றைக்குத் தாமதம் இரண்டு வினாடி.

இருவரும் என்னைப் பார்க்கவில்லை.
அதுதான் தாங்கவில்லை.
தாலிஸ் கறுப்பு ரொட்டியை மூன்றாய்ப் பிய்த்து
ஒரு துண்டை என் விசைப்பலகைமேல் வைத்தான்.
நான்கு வரியை மாற்றினேன்:
எழுதுகிறது எழுதட்டும்,
போகிறது நிற்க வேண்டாம்.

காலையில் நிலையத்தில் ஒரு பெண்
பொத்தானை அழுத்திவிட்டு
கையுறையை மாட்டிக்கொண்டு திரும்பி நின்று
தண்டவாளத்துப் பனியைப் பார்த்தாள்.
டிக்கெட் அதற்குள் விழுந்துவிட்டது.
அவளுக்குத் தெரியாது.
பழக்கத்தில்,
முழுசாக ஒன்பது வினாடியும் காத்திருந்தாள்.