ஏழாம் குழாய்

விடியற்காலை ஐந்தே முக்கால்.
பாயா தெருபோங் சரிவில்
ஏழாம் குழாய்க்குள் நாடாவை இறக்குகிறேன்.
தண்ணீரைத் தொட்டதும் அது கீயென்று கத்தும்.
நேற்று நாலு மீட்டர் இருபதில் கத்தியது.
இன்று இரண்டு அறுபது.
பச்சை வலைக்குப் பின்னால் மலை
நனைந்த மூட்டைபோல் உட்கார்ந்திருக்கிறது.

ஹொக்கைடோவில் இருக்கும் தம்பிக்கு எண்ணை அனுப்புகிறேன்.
குணாளன் தன் எண்ணை அனுப்புகிறான்:
புதுப் பனி நாற்பத்தெட்டு சென்டிமீட்டர்,
காற்று வடமேற்கு,
அபாயம் ஐந்தில் நாலு.
பசியாறிட்டியாக்கா?

நம்மிடம் இருப்பது ஒரே சொல், பனி.
புல் நுனியில் கிடந்தாலும் அதுதான்,
ஆளை விழுங்கினாலும் அதுதான்.
அவன் குழி வெட்டி, அடுக்கடுக்காகத் தடவிப் பார்த்துப்
பெயர் வைக்கிறான்:
மாவுப்பனி, ஓட்டுப்பனி,
எல்லாவற்றுக்கும் அடியில்
மூன்று வாரத்துக்கு முன் தெளிந்த இரவொன்றில் பூத்து
அப்படியே புதைந்துபோன சீனிப்பனி.
'அதுதான்க்கா எமன். கையில அள்ளினா நிக்காது, உதிரும்.'

எனக்கு அது புரிந்தது
ஐஸ் கச்சாங் தின்னும்போது.
தீபாவளிக்கு வந்தவன் கெங் குவீ தெருவில்
கிண்ணத்தை மெல்லச் சாய்த்தான்.
சீவிய குன்று அசையவில்லை.
இன்னும் கொஞ்சம்.
அடியில் கச்சானும் சோளமும் உருண்டன.
சிவப்புச் சீரப் இறங்கிய கோட்டில்
பாதிக் குன்று முழுசாய் நழுவி
என் மடியில்.
கடைக்காரர் சிரித்தார்.
என் மலைக்கு அடியிலும்
அழுகிய கருங்கல் இருக்கிறது, சீனிபோல.

ஆறு மணிக்குச் சிவப்பு என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
சி புளோக்கில் நூற்றுப்பன்னிரண்டு வீடு.
திருமதி ஓங் குருவிக் கூண்டோடு இறங்கினார்.
ஒரு பையன் பள்ளிச் சீருடையும் வெறுங்காலுமாய்.
ரைஸ் குக்கரை அணைத்தோமா அணைத்தோமா என்று
கேட்டுக்கொண்டே ஒரு தம்பதி.
பள்ளி மண்டபத்தில் மூன்று இரவு.

மலை வரவில்லை.

நாலாம் நாள் வெயில்.
மேம்பாட்டு நிறுவனத்து ஜெகதீசன் கேட்டார்,
'இந்த மூனு நாளுக்கு எத்தனை வெள்ளி தெரியுமா?'
யாரோ பாயைச் சுருட்டிக்கொண்டே
'ஒன்னும் நடக்கல' என்றார்,
நான் தருகிறேன் என்று சொல்லி
எதையோ தராததுபோல.

குணாளனிடம் சொன்னேன்.
அவனும் அந்த வாரம் ஒரு சரிவின் விளிம்பில் நின்றானாம்.
காலடியில் வும்மென்று ஒரு பெருமூச்சு,
வயிற்றில்தான் கேட்டதாம்.
பணம் கட்டி வந்த ஆறு பேரையும்
வந்த தடத்திலேயே திருப்பிக் கூட்டிப்போனான்.
மறுநாள் வேறொரு கூட்டம் அதே சரிவில் சறுக்கிப்
பாட்டுப் போட்டு வீடியோ எடுத்திருக்கிறது.

'அப்போ நீ பயந்தது தப்பா?'
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் காற்று மட்டும்.
'தெரியாதுக்கா.
தெரிஞ்சுக்க ஒரே வழிதான் இருக்கு.'

இன்று மறுபடி ஐந்தே முக்கால்.
வலையில் ஒரு கண் கிழிந்து
வேரொன்று வெளியே நீட்டியிருக்கிறது.
நேற்று இருந்ததா?
நாடாவை இறக்குகிறேன்.
மூன்றாம் மாடியில் திருமதி ஓங்கின் குருவி
கத்தத் தொடங்கிவிட்டது.
குழாய் இன்னும் கத்தவில்லை.