படிவத்தின் ஏழாவது கட்டம்

ஈரத் துண்டை உதறினாற்போல் ஒரு சத்தம்.
ஹைதராபாத் போகும் காலை விமானம்
சக்கரம் தூக்கிய நொடியில் அது.
கால் மணி நேரத்தில் ரேணிகுண்டாவுக்கே திரும்பியது,
உள்ளே கோழி தீய்ந்த வாடை என்றார்கள்.
மொட்டைத் தலைகள் சந்தனம் காயாமல் இறங்கி
லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு
இனி எப்போது கிளம்பும் என்று என்னைக் கேட்டார்கள்.
கருடனா அம்மா, என்று ஒருவர்
பதில் வருமுன்பே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் பறவை விரட்டுகிறவள்.
ஏகாம்பரகுப்பத்தில் இருட்டோடு ரயில் ஏறி வருகிறவள்.
கழுத்தில் விசில், பையில் வெடி.

விசிறி இதழ்களின் இடுக்கில்
பென்சலய்யா டார்ச் அடிக்க, ஒற்றியெடுத்தேன்:
ரத்தம் ஒரு பொட்டு,
கறுப்புத் தூவல் இரண்டு,
மஞ்சள் கால் ஒன்று, முழங்காலுக்குக் கீழே மட்டும்.
"புத்தூருக்கு அனுப்பு, கட்டுப் போட்டுத் தருவார்கள்."
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம் பிட்ட?" அதிகாரி கேட்டார்.
கால் சொல்லிவிட்டது.
அவர்களுக்கு அது தீதுவுப் பிட்ட,
கூரைமேல் கத்தினால் அந்த வீட்டில் சாவு.
எங்களுக்கு ஆட்காட்டி.
ஆள் வந்தால் சொல்லும், அவ்வளவுதான்.
நகரி தாண்டுவதற்குள்
ஒரே தொண்டைக்கு இரண்டு உத்தியோகம்.

ஆறாவது கட்டத்தில் பெயர் எழுதினேன்.
ஏழாவது, காரணம்.

செவ்வாய்க்கிழமையே பார்த்தேன்,
ஓடுபாதையோரச் சரளையில் நான்கு முட்டை.
கல் இல்லை என்று தெரியக்
குனிய வேண்டியிருந்தது.
பார்த்தால் எடுக்க வேண்டும்,
எடுத்தால் எழுத வேண்டும்.
நிமிர்ந்து, முழங்கால் மண்ணைத் தட்டி, ஜீப்பில் ஏறி
அந்தப் பக்கம் புல் வெட்டியாயிற்றா
என்று ஓபுலேசிடம் கேட்டேன்.

கோடை மழை, ஈசல், ஈசலுக்கு வந்த பறவை
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
மழை பெய்தது பொய்யில்லை.

பதினொன்றரைக்கு வேறு விமானம் வந்து
மொட்டைத் தலைகளை ஏற்றிப் போனது.
வெடி எடுக்காமல் நடந்தேன்.
முட்டைகள் அங்கேயேதான், வெயிலில்.
ஜோடியில் மற்றது இருந்தது.
என் தலைக்குமேல் தாழ்ந்து தாழ்ந்து சுற்றியது.
கோபுரத்துக்குக் கேட்க,
கம்பிவேலிக்கு அப்பால் எருமை மேய்ப்பவனும் நிமிர்ந்து பார்க்க,
கத்திக் கத்திக் காட்டியது
ஆளை.