பதினொரு பேணி

தவளைத் தீவு என்று பெயர்.
தவளையைக் கண்டவர் எவரும் இல்லை.
ஒரு பக்கம் சோர் ஆறு, மறுபக்கம் கால்வாய்,
ஆகவே தீவென்பது பாதி உண்மை.
லெஸ்டர் நகரின் அந்தப் பாதி உண்மைக்குள்
எங்கள் கிடங்கு. தகரக் கதவு, தகரக் கூரை.
மழை பெய்தால் தொலைபேசியில் பேச முடியாது.

நான் கணக்கெழுதுகிறவள்.
வருடத்துக்கு ஒருமுறை அரசுக்குச் சொல்ல வேண்டும்:
இன்னும் இருக்கிறோம், இன்ன தொழில் செய்கிறோம்.
தொழிலைச் சொல்லில் சொன்னால் எடுபடாது.
ஐந்து இலக்கத்தில் ஓர் எண்.
மிஞ்சிப்போனால் நான்கு எண்கள்.

முதலாளி கனகேந்திரன்
பெட்டிகளைக் காலால் தட்டித் தட்டிப்
பெயர் சொல்லிக்கொண்டே போகிறார்.
நான் பட்டியலில் துழாவுகிறேன்.
குடை, உடுப்போடு சேர்த்தி: 46420.
சரிதான், மழைக்கு அதுவும் ஒரு சட்டை.
சாந்துப்பொட்டு, சென்ட் போத்தல்: 46450.
கண்ணாடிக் கிளாசும் கக்கூஸ் கழுவும் திரவமும்
ஒரே எண்ணில் குடித்தனம்: 46440.
கடனுக்கு ஈடாக யாரோ விட்டுப்போன
மூன்று மிருதங்கங்களுக்கு மட்டும்
தனி வீடு, தனி வாசல்: 46491.
மற்றதெல்லாம் 46499.
சைக்கிள், புத்தகம், பிரம்புக் கூடை,
பயணப் பெட்டி, சில்வர் பேணி,
'வேறெங்கும் வகைப்படாத வீட்டுப் பொருட்கள்.'

எண்ணிப் பார்த்தால் ஐந்து.
"மிருதங்கத்தை விடு பிள்ளை,
அதை ஒருத்தரும் கேக்கப் போறேல்லை."
விட்டேன்.
மூலையில் அது வார் தளர்ந்து கிடந்தது,
அரசுக்குத் தெரியாமல்.

எல்லா எண்ணுக்கும் தலை நாற்பத்தாறு.
நாற்பத்தாறென்றால் மொத்தம்.
ஆறு ஏழானால் சில்லறை:
வேறு அத்தியாயம், வேறு ஆட்கள்,
கண்ணாடி ஜன்னல், கதவில் மணி.
எங்கள் கதவில் மணி இல்லை.

அவள் கதவைத் தட்டவும் இல்லை.
பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே
குனிந்து வந்தாள், நனைந்த தலையோடு.
"ஒரு சில்வர் பேணி வேணும்."
"டசினாத்தான் அக்கா. நாங்கள் சில்லறை விக்கிறேல்லை."
"ஒண்டு காணும்.
வீட்டில ஆறு கிடக்கு.
ஆள் ஏழாப் போச்சு."

பிறந்ததா, வந்து சேர்ந்ததா,
திரும்பி வந்ததா, சொல்லவில்லை.
கனகேந்திரன் என்னைப் பார்த்தார்.
நான் திரையைப் பார்த்தேன்.
திரையில் நான்கு எண்கள்,
நான்கிலும் தலை நாற்பத்தாறு.

பிறகு அவர் கத்தி எடுத்துப்
பெட்டியின் நாடாவை அறுத்தார்.
டசின் பதினைந்து பவுண் அறுபது,
ஒன்று ஒரு பவுண் முப்பது.
அவள் இரண்டு பவுண் நாணயம் நீட்டினாள்.
மிச்சம் கொடுக்க
கிடங்கு முழுக்கத் தேடினோம்.
ஆயிரக்கணக்கில் சரக்கு,
லாச்சிக்குள் ஒரு பென்ஸ் இல்லை.
வங்கிக்கு வங்கி போகும் காசுதானே எங்களது.
என் மதியச் சாப்பாட்டுக் காசில்
எழுபது பென்ஸ் பொறுக்கிக் கொடுத்தேன்.
ஷட்டருக்குக் கீழே மறுபடி குனிந்து போனாள்,
பேணியைக் கவிழ்த்துத் தலையில் பிடித்தபடி.
ஒரு கை அகலம் கூட நனையாமல் காக்காது அது.

பதினொன்றை யாரும் வாங்க மாட்டார்கள்.
இருப்புக் கணக்கில்
'உடைவு: ஒன்று' என்று எழுதினேன்.
சில்வர் எப்படி உடையும் என்று
தணிக்கைக்காரர் கேட்டால் கேட்கட்டும்.
அந்த ஒரு பவுண் முப்பதை எங்கே எழுதுவதென்று
இன்னும் தெரியவில்லை,
என் கைப்பையில்தான் கிடக்கிறது.

படிவத்தை அனுப்பினேன்.
'ஏற்கப்பட்டது' என்று உடனே பதில்.

இப்போது எங்கள் தேநீர் அந்தப் பேணிகளில்.
லொறி ஓட்டும் மாரெக்
சூடு தாங்காமல் விளிம்பை
இரண்டு விரலால் பிடித்து ஊதுகிறான்.
நாங்கள் மூன்று பேர்.
மீதி எட்டும் தட்டில் கவிழ்ந்திருக்கின்றன.
கூரையில் மழை தொடங்குகிறது.
தொலைபேசி அடிக்கிறது,
யாரோ எத்தனையோ டசின் கேட்கிறார்கள்,
எண்ணிக்கை காதில் விழவில்லை.