ஒற்றைக்கிளவி

இடது முன் சக்கரத்தில் ஒரு சத்தம்.
காவேரிப்பட்டணம் பள்ளிக்கூட வாசல் வேகத்தடையில்
முதன்முதலாகக் கேட்டது, மாசி மாதம்.

எப்படி வருது மேடம், என்றார்
ராயக்கோட்டை சாலை திம்மராஜ்.
பதினாறு வருடமாய் இரட்டைக்கிளவி நடத்துகிறவள் நான்.
சலசல, மடமட, கிறுகிறு.
பிரித்தால் பொருள் தராது என்று
கரும்பலகையில் கோடு கிழித்துக் காட்டுகிறவள்.
கடகட, என்றேன்.
கடகடவா, கடக் கடக்கா?
யோசித்துவிட்டு, கடக், என்றேன்.
ஒண்ணுதானா?
ஒண்ணுதான். அப்புறம் கொஞ்ச தூரம் ஒண்ணுமில்லை.
வட்டமடித்து ஓட்டிப் பார்த்தார்.
அவர் கையில் அது வாயே திறக்கவில்லை,
அதிகாரி வந்த அன்றைய எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவு மாதிரி.
சாரை வரச் சொல்லுங்க, அவர்கிட்ட கேட்டுக்கறேன்.
சாருக்கு சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.
பழையபேட்டையில் ஒரு ஜோடி புஷ்,
முந்நூற்று நாற்பது ரூபாய்.
பக்கத்துவீட்டு செந்தூரா மரம் பால் சொட்டிய பானெட்.
பின் சக்கரத்துக்குக் கருங்கல் முட்டு,
கிருஷ்ணகிரியில் கல்லுக்கா பஞ்சம்.
அந்த நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதில்
எனக்கும் அதற்கும் ஒன்றரை மணி நேரக் கருத்து வேறுபாடு.
தேங்காயெண்ணெய் விட்டேன்,
மண்ணெண்ணெய் விட்டேன்,
வகுப்பில் ஒருநாளும் சொல்லாத சொல் ஒன்றையும் விட்டேன்.
அதற்குத்தான் அசைந்தது.
அசைந்த வேகத்தில்
பன்னிரண்டு–பதிமூன்று ஸ்பேனர் கைநழுவியது.
உள்ளே எதிலோ பட்டது கேட்டது.
தரையில் விழுந்தது கேட்கவில்லை.
செல்போன் வெளிச்சத்தில் தேடி,
இருட்டியதும் தேடாமல் விட்டேன்.
எல்லாம் பூட்டியபின் ஒரு வாஷர் மிச்சம்.
சாக்பீஸ் டப்பாவில் போட்டு மூடிவைத்தேன்.

திங்கட்கிழமை ‘கடக்’ போயிருந்தது.
பதிலுக்கு
கடகடகடகட.
இலக்கணத்துக்குத் திருப்தி. எனக்குத்தான் உயிர் போயிற்று.

பெங்களூர் சாலை ஷோரூமில் டை கட்டியவர்
குனியாமலே சொன்னார்:
ஸ்டீயரிங் ரேக் போச்சு மேடம், பதினெட்டாயிரம்.
டோல்கேட் பக்கம் லாரி மட்டும் பார்க்கிற முனிரத்தினம்
ரேடியோவைச் சத்தமா வைங்க, என்றார்.
இத்தனை பேரில் நேர்மையான யோசனை அது ஒன்றுதான்.
ரேடியோ ஓடுவதில்லை.

மறுபடியும் திம்மராஜ்.
யாரு பிரிச்சது?
என் தம்பி, என்றேன்.
என் கையைப் பார்த்தார்.
ஒரு விரலில் சிவப்பு மை, மற்ற நான்கிலும்
சோப்புக்கு மசியாத கிரீஸ்.
ஒன்றும் கேட்கவில்லை.
அட்டையை விரித்து அடியில் போனார்.
செருப்பு மட்டும் வெளியே தெரிந்தது, நெடுநேரம்.
அப்புறம் ஒரு கை வந்தது.
கையில் என் பன்னிரண்டு–பதிமூன்று.

எவ்வளவு, என்றேன்.
காசு வேணாம் மேடம்,
என்கிட்ட இந்த சைசு தொலைஞ்சு ரெண்டு மாசமாகுது.
நான் ஆமாம் சொல்வதற்குள்
சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.
பிறகு, வேறு வண்டியைப் பார்த்தபடி,
தம்பிகிட்ட சொல்லுங்க,
ஒரு புஷ்ஷைத் தலைகீழாப் போட்டிருக்கு.
நட்டு நல்லா முடுக்கியிருக்கு.

மேம்பாலம் வரைக்கும் அமைதி.
முன்னால் மாங்காய் ஏற்றிய டெம்போ,
கோட்டைப் பாறையில் மிச்ச வெயில்.
நல்லா முடுக்கியிருக்கு.
யாருமில்லாத காருக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

பாலம் இறங்கும் இணைப்பில்
கடக்.

அப்புறம் கொஞ்ச தூரம் ஒன்றுமில்லை.

நாளைக்கு முதல் வேலையாக
பழையபேட்டையில் இன்னொரு பன்னிரண்டு–பதிமூன்று வாங்க வேண்டும்.