ஐந்து விழுக்காடு

எங்கள் ஊரில் நிஜமாகவே
கல்லிலிருந்துதான் நார் உரிக்கிறோம்.
மழை வழி தவறிய பாஹியா மேட்டில்
கற்றாழை மட்டும் யாரையும் கேட்காமல் வளர்கிறது.
நான்கு மணி நேரம் பேருந்துக் கூரையில் வந்து
என் ஆய்வக மேசையில் கிடக்கிறது ஒரு சாக்கு.
வாய்க்கட்டு ஜில்வான் போட்டது.
தம்பியின் வலக்கையில் மூன்று விரல்தான்.
அந்த மூன்று கட்டிய முடிச்சை
என் பத்தும் அவிழ்க்கக் கால் மணி ஆகிறது.

(உரிக்கும் எந்திரம் பச்சையாக எது வந்தாலும் இழுக்கும்.
மடலுக்குப் பின்னாலேயே கையும் போகும்.)

தண்ணீர் முதலில், காரம் பிறகு.
மாற்றிச் செய்தால் முகத்தில் தெறிக்கும்.
இது நாக்குக்குத் தெரிந்த காரம் இல்லை.
வெள்ளைக் குருணைகள் கரையக் கரைய
அடுப்பில்லாமலே பீக்கர் கொதிக்கிறது.
ஆறவிட்டு, நாரை அமிழ்த்துகிறேன்.

மெழுகு முதலில் கழல்கிறது.
அப்புறம் இழையை இழையோடு ஒட்டிவைத்த
அந்தப் பூச்செல்லாம்.
நீர் நேற்றைய காபி நிறத்துக்கு வருகிறது.
ஒற்றை நார் என்று நான் எண்ணியது
கற்றையாய்ப் பிரிகிறது.
வழவழப்பு போய்ச் சொரசொரப்பு.
பிசின் பற்றுவது அதைத்தான்;
யாரோ ஒருவருடைய கார்க் கதவின் உட்பலகைக்கு
அதுதான் வேண்டுமாம்.

ஒரு மணி நேரம். அதற்கு மேல் வைத்தால்
அழுக்கைத் தின்ற வாய் நாரையும் தின்னும்.

நாற்பதாவது நிமிடம் தொலைபேசி.
"நெய்டே, திங்கட்கிழமையிலிருந்து
மறுபடி எந்திரத்துக்குப் போறேன்."
நடைவழியில் நின்று கத்தினேன்.
கெஞ்சினேன்.
இடக்கைக்கும் கணக்குப் போட்டுக் காட்டினேன்.
"சாக்குக்கு எவ்வளவு தருவாங்க உங்க ஆளுங்க?"
என்று மட்டும் கேட்டான்.

திரும்பி வந்தபோது இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

வினிகர் விட்ட நீரில் ஏழு முறை அலசி உலர்த்தினேன்.
இவ்வளவு அழகான நாரை நான் பார்த்ததில்லை.
பால் வெள்ளை, பட்டின் மினுக்கு.
இழுவைக் கருவியில் மாட்டினேன்.
முனகல்கூட இல்லை, மூன்றில் ஒரு பங்கு விசையிலேயே
போய்விட்டது.
"தூக்கி எறி, புதுசாப் போடு"
என்றார் டாக்டர் மார்லூசியா.
எறியவில்லை. எண்ணை எழுதினேன்,
நேரத்தையும் எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்: கவனக்குறைவு.

எல்லோரும் போன பிறகு
குப்பைக்கூடையிலிருந்து அந்த வாய்க்கட்டை எடுத்தேன்.
காரம் படாத கயிறு, நடுவில் முடிச்சின் மடிப்பு,
எந்திர எண்ணெயின் கறை.
இரண்டு தாடைக்கும் நடுவே இறுக்கி விசையைக் கூட்டினேன்.
முள் ஏறியது.
இன்னும் ஏறியது.
அறுபடவில்லை.

மெழுகு போகாத கயிறு;
பிடியிலிருந்து வழுக்கி
முழுசாக வெளியே வந்து விழுந்தது.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.